சூரத்துக்குப் போகும் வழியில் ஓரிக்கை

நம் வகுப்பு ஒன்றுகூடும் நாளில் ஒரு மலர் போடுவது என்றும், அதில் நான் நாலு பக்கம் எழுதுவது என்றும் வாட்ஸ்அப் குழுவில் நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள். தலைப்பும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: பயணங்கள் என் கற்பனை உலகத்தை எப்படி வளர்த்தன. அந்தச் செய்தியைப் படித்த நிமிடம் எனக்கு இடது தோளில் வலி எடுத்தது. மாரடைப்பு என்று முடிவு செய்து, சட்டைப் பையில் ஆதார் அட்டையை வைத்துக்கொண்டு (அடையாளம் தெரியாத பிணமாகிவிடக் கூடாது அல்லவா), ஆட்டோ பிடித்துப் போனேன். டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு வாயு என்றார். நம் வயதில் சாவும் வாயுவும் ஒரே மாதிரிதான் கதவைத் தட்டுகின்றன. திறந்து பார்த்தால்தான் யாரென்று தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். செல்போனில் ஒலித்தொடராக வருகிறதே, அந்தக் கதைகளில் நான் கட்டிய நாட்டை உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் இல்லாத ஆறு, தங்கக் கம்பி கட்டிய தெரு, ஒரு மலைகூட இல்லாத நிலம். நம் வகுப்புத் தலைவனாக இருந்தவன் போன மாதம், "ராஜஸ்தான் போயிருந்தியா, லடாக்கா?" என்று குழுவில் கேட்டான். நான் கும்பிடு பொம்மை ஒன்றைப் போட்டு ஒதுங்கிவிட்டேன். ஏனென்றால் அந்த நாடு மொத்தமும் நம் ஊர்ப் பஸ் நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நான் அதைச் சுற்றிப் பார்த்தது சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து. அதுவும் ரசித்துப் பார்க்கவில்லை. திருடப் போகிறவன் ஒரு வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை அது. உங்களில் பாதிப் பேர் சர்வதீர்த்தக் குளத்தில் நீச்சல் பழகினீர்கள். நான் வரவில்லை என்று கோபித்துக்கொண்டீர்கள். ஏன் வரவில்லை என்பதைத்தான் இப்போது சொல்கிறேன், கொஞ்சம் தாமதமாக.

அந்தப் பங்குனியில் அப்பா சூரத்துக்குப் போனார். நம் தறிக்கெல்லாம் ஜரிகை அங்கிருந்துதானே வந்துகொண்டிருந்தது. வாங்கும் இடத்தில் தறி தெரிந்த கண் ஒன்று கூட இருந்தால் நல்லது என்று முதலாளி அப்பாவையும் தன் ஆளோடு அனுப்பினார். ஒரு மாதம் என்று சொல்லிப் போனார். இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டிலும் நலம், நலமறிய அவா, வெயில் அதிகம். அப்புறம் ஒன்றும் வரவில்லை. முதலாளியின் ஆள் மட்டும் திரும்பி வந்தார். அப்பாவுக்கு அங்கேயே வேறு வேலை கிடைத்து நின்றுவிட்டதாகவும், எந்த இடம் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். சொல்லும்போது அம்மாவைப் பார்க்காமல் எங்கள் வீட்டு நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அதை நான் அடக்கம் என்று நினைத்தேன்.

தறியில் அப்பா பாதி நெய்த சேலை நின்றது. அரக்கு நிற உடல், பச்சைக் கரை. உங்கள் வீடுகளிலும் தறி இருந்தது, சொல்லத் தேவையில்லை: ஒருவர் பாதியில் விட்ட சேலையில் இன்னொருவர் உட்காருவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஒவ்வொரு கைக்கும் ஓர் அழுத்தம். கை மாறிய இடத்தில் துணியில் ஒரு கோடு விழுந்துவிடும், வாங்குகிற அம்மாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம். சித்தப்பா வந்து தான் முடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றாள். தறிக்குழிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

படுத்தவள் எழவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. வாசலில் கோலம் நின்றது. எனக்குச் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, அம்மாவின் தட்டு வந்தபடியே திரும்பிப் போயிற்று. எங்கள் தெருவில் அதற்கு முந்தின வருஷம் ஒருத்தி இப்படித்தான் சுவரைப் பார்த்துப் படுத்து, அப்படியே போய்விட்டாள். பக்கத்து வீட்டு அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். மெதுவாகத்தான் சொன்னார். பத்து வயதில் காது எவ்வளவு நன்றாகக் கேட்கும் என்பது பெரியவர்களுக்கு மறந்துபோகிறது.

ஒரு நாள் மத்தியானம் அம்மா முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "தபால்காரரு வந்தாராபா?"

வந்தார், தெருவைத் தாண்டிப் போனார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வாய்க்கு ஒரு வியாதி உண்டு, பயந்தால் தனியாக ஓட ஆரம்பித்துவிடும். "வந்தாரும்மா. அப்பா கடுதாசி குடுத்தாரு" என்றது.

பதில் போடுவதற்காகச் சித்தப்பா வாங்கி வைத்திருந்த நீல இன்லேண்டு தாள்கள் மாடத்தில் இருந்தன. அதில் ஒன்றை உருவினேன். ஓர் எழுத்துகூட இல்லாத அந்தத் தாளைப் பிரித்துக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும், அதுவும் படம் வரைவதுபோல. தாளில் ஏதாவது இருக்கிறதா என்று அவள் பார்க்கவும் இல்லை. நான் நலம் என்றேன். நலமறிய அவா என்றேன். வெயில் அதிகம் என்றேன். சரக்கு தீர்ந்துவிட்டது. தாளின் பின்பக்கம் திருப்பினேன், அங்கேயும் ஒன்றும் இல்லை.

அம்மா கேட்டாள். "ஊரு எப்படி இருக்குதாம்?"

"ஒரே மணலா இருக்குதாம்மா. ஆறாம். ஆனா தண்ணி இல்லயாம்."

அம்மா சுவரிலிருந்து திரும்பினாள். "தண்ணி இல்லன்னா குளிக்க என்னா பண்றாரு?"

"மணல்ல தோண்டி, ஊத்துல மொண்டு குளிக்கறாராம்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்குச் சளி பிடிக்கும் உடம்பு, ஊற்றுத் தண்ணீர் சேராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்துபோய் முகம் கழுவினாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எனக்கு நடந்தது வேறு. ஒரு ஊரைச் சொன்னால் ஓர் ஆள் எழுந்து உட்காருவார் என்று தெரிந்துபோயிற்று. இந்த வியாதி அதற்குப் பிறகு குணமாகவே இல்லை.

அன்று நான் சொன்ன ஊர் ஓரிக்கைப் பாலாறு என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். இப்போது மணிமண்டபம் இருக்கிறதே, அந்தப் பக்கம். எனக்குத் தெரிந்த ஒரே ஆறு அதுதான். அதைத்தான் தூக்கிக் கொண்டுபோய்க் குஜராத்தில் போட்டேன்.

அடுத்த கடிதத்துக்கு என்ன செய்வது? இரண்டு நாள் யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஊரை உண்டாக்கப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றுமே வரவில்லை. வீடு வந்தது, கதவு இல்லை. கடை வந்தது, உள்ளே என்ன விற்கிறார்கள் என்று தெரியவில்லை. மண்டைக்குள் இருப்பதை வைத்து ஒரு மாட்டுக் கொட்டகைகூடக் கட்ட முடியாது என்று புரிந்தது. கதை எழுதுவது பற்றி நான் கண்டுபிடித்த முதல் கொள்கையும் கடைசிக் கொள்கையும் இதுதான்: வெளியே போக வேண்டும், பார்க்க வேண்டும், இடம் மாற்றி வைக்க வேண்டும். இதைப் பின்னால் நான் பெரிய அரங்குகளில் அழகாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். கண்டுபிடித்தபோது கையில் ஒரு வெற்று இன்லேண்டுத் தாள்தான் இருந்தது.

சித்தப்பாவுக்கு வேலை சைக்கிளில். தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல் சுருட்டுகளைச் சுற்றுவட்டத் தறிக்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பார், நெய்து அறுத்த சேலைகளை வாங்கி வருவார். நானும் வருகிறேன் என்றேன். ஒற்றைப் பிள்ளை, அப்பன் நினைப்பில் ஏங்குகிறான் என்று அவர் நினைத்துக்கொண்டு ஏற்றிக்கொண்டார். ஏங்க எனக்கு எங்கே நேரம்? நான் சரக்கு எடுக்கப் போனேன்.

ஐயம்பேட்டைக்கு விடிந்த கையோடு போனோம். தெருவை அடைத்துப் பாவு விரித்திருந்தார்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. கஞ்சி வாசனை. வெயில் ஏறியபோது நூல் முழுக்கப் பளபளத்தது, ஒரு நாய் அதற்கு அடியில் புகுந்து போனது, நாயின் முதுகில் கோடு கோடாக நிழல் ஓடியது. வீட்டுக்கு வந்து வெற்றுத் தாளைப் பிடித்து வாசித்தேன்: இங்கே தெருவிலேயே தங்கக் கம்பியை நீட்டிக் காய வைக்கிறார்கள், நடக்கிறவர்கள் குனிந்துதான் போக வேண்டும், நாய்கள்கூட வரிக்குதிரைபோல இருக்கின்றன. அம்மா சிரித்தாள். சோறு வடித்தாள்.

ஓரிக்கையில் சலவைக்காரர் கழுதைகள் மணலில் நின்றன. கானல் அலையில் கால்கள் கரைந்து, கழுத்து நீண்டு தெரிந்தன. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், ஒட்டகமாயிற்று. சலவைக்குக் கழுதை, கதைக்கு ஒட்டகம். மலை வேண்டும் என்று ஆசைதான். ஆனால் நான் மலையைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த உயரம் கோபுரம், அதை எடுத்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அதனால் என் நாட்டில் மலை வரவில்லை. சமவெளியின் தனிமை என்று ஒரு பேராசிரியர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். கடலும் வரவில்லை. சூரத்துக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது என்பது எட்டாம் வகுப்புப் பூகோளத்தில்தான் தெரிந்தது. வகுப்பிலேயே எனக்கு வியர்த்தது. வாத்தியார் வெளியே போய்த் தண்ணீர் குடித்து வரச் சொன்னார். உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு அம்மா தறிக்குழியில் இறங்கினாள். அப்பாவின் சேலையில் அவளே உட்கார்ந்தாள். கை மாறிய இடத்தில் கோடு விழுந்தது. விழட்டும் என்றாள். காலையில் இழைகளுக்கு நடுவே நாடாக்கட்டை ஓடும் சத்தத்தில் நான் கண் விழித்தேன். அந்தக் கோடையில் நான் நிம்மதியாக இருந்தது ஒரு நான்கு நாள் இருக்கும்.

ஐந்தாம் நாள் அம்மா சித்தப்பாவிடம் கடிதங்களைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவருக்குப் படிக்கத் தெரியும். "எங்கபா, குடு பாக்கலாம்" என்றார். எலி கடித்துவிட்டது என்றேன். எல்லாவற்றையுமா என்றார். பெரிய எலி என்றேன். அவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார். அடித்துக்கொண்டே அம்மாவிடம், தான் நேரில் போய் அண்ணனைக் கையோடு கூட்டி வருவதாகச் சொன்னார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறி, தன் வீட்டுக்குத் தெற்கே இருக்கிற பாலாற்றைக் குஜராத்தில் தேடப் போகிறார். உடனே ஒரு கடிதம் வந்தது. அப்பா ஊர் மாறிவிட்டார். புது ஊரில் ஒரு பெரிய குளம், சுற்றிலும் கல்படி, படியில் பாசி. அது திருப்புட்குழிக் குளம், முந்தின நாள்தான் பாவு கொடுக்கப் போயிருந்தோம். சித்தப்பா, அந்த ஊருக்கும் போகிறேன் என்றார். அப்பா அங்கிருந்தும் கிளம்பினார். இப்படி ஒரே வாரத்தில் நான்கு ஊர்கள். உலகம் படைப்பதற்கு நிறைய பேர் நிறைய காரணம் சொல்கிறார்கள். நான் படைத்தது சித்தப்பா டிக்கெட் எடுத்துவிடக் கூடாது என்று. ஊர் குழம்பாமல் இருக்கக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் வரைபடம் போட்டுக்கொண்டேன். அது கடைசிவரை என்னிடம் இருந்திருந்தால் இன்று என் பதிப்பாளர் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார். எடைக்குப் போய்விட்டது.

அப்படியும் சித்தப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். கிளம்புவதற்கு முந்தின நாள், பாலுசெட்டி சத்திரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சித்தப்பா கேட்டார். "அந்தக் கொளம் இருக்குதே, அந்த ஊருக்கு சூரத்துலருந்து எப்படிபா போவணும்? பஸ் இருக்குதா?"

"நடந்தே போலாம்னு எழுதியிருக்காரு, சித்தப்பா."

"தூரமா?"

"பக்கம்தானாம்."

அவர் தலையாட்டினார். பீடியை அணைத்துவிட்டு, "ஏறு" என்றார். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் போய்விட்டார். எனக்கு ஜுரம் வந்தது. நூற்றிரண்டு டிகிரி, அதில் நடிப்பு ஒரு டிகிரிகூட இல்லை.

சித்தப்பா போனபிறகு கேரியர் இல்லை, புது இடம் இல்லை. பழைய சரக்கைத் துழாவியதில் ஒன்று மிச்சம் இருந்தது. திருப்புட்குழியில் கோயில் வாசலில் பார்த்தது. வறுத்த பச்சைப்பயறை நனைத்து, துணியில் முடிந்து, குழந்தை இல்லாத பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு ஓர் இரவு படுப்பார்களாம். காலையில் பயறு முளை விட்டிருந்தால் பிள்ளை உண்டு. இரண்டு பெண்கள் குளக்கரையில் உட்கார்ந்து ரகசியமாக முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வறுத்த பயறு எப்படி முளைக்கும் என்று எனக்கு ஆச்சரியம். இதைவிட நல்ல சரக்கு குஜராத்தில்கூடக் கிடைக்காது என்று முடிவு செய்தேன்.

அம்மா தறியில் இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். இந்த ஊரில் ஒரு விநோதமான வழக்கம் என்று தொடங்கி, பயறையும் முடிச்சையும் மடியையும் விவரித்தேன். நாடா நின்றது. மிதியில் இருந்த கால் அப்படியே நின்றது. நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"முளச்சிதாமா?" என்றாள்.

"முளச்சிதுன்னு எழுதியிருக்காரு."

அம்மா வெகுநேரம் பாவைத் தடவிக்கொண்டிருந்தாள். அறுந்த இழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"எனக்கும் முளச்சிதுபா" என்றாள். பிறகு நாடாவைத் தள்ளினாள்.

அந்தப் பயறுதான் நான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லாமல், நெற்றி நிறைய விபூதி பூசிய குடும்பத்துக்குச் சொல்லாமல், பெருமாள் கோயிலில் போய் மடியில் பயறு கட்டிப் படுத்தவள் என் அம்மா. பின்னாளில் என் கல்யாணத்தின்போது பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. மாலையும் கழுத்துமாக அப்படியே நின்றேன். உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, எத்தனையோ வழக்கம் இருக்க, நான் திருடியது நான் பிறந்த கதையை. அதையும் யாரிடம் கொண்டுபோய் விற்றேன் பாருங்கள்.

கடிதங்கள் என் கைவேலை என்று அன்றிலிருந்து அம்மாவுக்குத் தெரியும். ஆனால் கடிதம் வந்ததா என்று கேட்பதை அவள் நிறுத்தவில்லை.

சித்தப்பா பத்து நாளில் திரும்பினார், தனியாக. கண் உள்ளே போயிருந்தது. அம்மா அவருக்கு இலை போட்டாள். நான் கதவோரம் நின்று, இதோ வெடிக்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். அப்படி ஒரு ஊரே இல்லை அண்ணி என்று அவர் ஆரம்பிப்பார், அம்மா மறுபடி பாயை விரிப்பாள்.

"பாத்தியா தம்பி?" என்றாள் அம்மா.

சித்தப்பா சோற்றில் குழி செய்துகொண்டே சொன்னார். "ஊரப் பாத்தேன் அண்ணி. மணலு இருக்குது. பெரிய கொளம் இருக்குது, படியெல்லாம் பாசி. ஒட்டகம்கூட மேஞ்சிக்கினு இருந்துச்சு. அண்ணன்தான் அங்கருந்தும் கெளம்பி வேற எங்கியோ போயிட்டாராம்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் பிடிபட்டால் பயப்படுவது இயற்கை. பொய் உண்மை என்று சாட்சி வந்து சொன்னபோது நான் பட்ட பயத்துக்குப் பேர் கிடையாது. என் குளம் அங்கே இருக்கிறதாம். ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன். அம்மா, வெயிலில் அலைந்திருப்பாய் என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அந்த இலையைச் சுற்றி மூன்று பேர். மூவருக்கும் அது இல்லாத ஊர் என்று தெரியும். ஆனாலும் அதிலிருந்து இறங்கிப் போக ஒருவருக்கும் வேறு இடம் இல்லை.

அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று சித்தப்பா சொல்ல முப்பது வருஷம் ஆயிற்று. சொன்ன இடமும் வாய்த்தது பாருங்கள், ஐயம்பேட்டையிலிருந்து வரும் ஷேர் ஆட்டோ. இரண்டு காலேஜ் பெண்களுக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்துகொண்டு, காது மந்தமானவர்கள் பேசும் சத்தத்தில் சொன்னார். "நானு அண்ணன பாத்தேன்பா. எதிர் வரிசையில போயிக்கினு இருந்தாரு. தோள்ல ஒரு கொழந்த. கூட ஒரு பொம்பள, கொழந்த அவளோடது போல. நல்லாத்தான் இருந்தாரு. கூப்பிட வாய் வரல." அந்தப் பெண்கள் செல்போனைக் கீழே வைத்துவிட்டார்கள். முதுகில் அடிபட்டதுபோல நான் குனிந்துகொண்டேன். ஓட்டுநர் யாராவது இறங்க வேண்டுமா என்று கேட்டார்.

அதன்பிறகு ஒருமுறை நானே சூரத்துக்குப் போனேன். கள ஆய்வு என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். ரயிலை விட்டு இறங்கிப் பார்த்தால் ஆறு கரை நிறையத் தண்ணீரோடு ஓடுகிறது. எனக்கு அவமானமாக இருந்தது, யாரோ என் கதையைத் திருத்திவிட்டதுபோல. ஜரிகைக்காரர்கள் இருந்த தெருவை விசாரித்துக்கொண்டு அதன் முனைவரை போனேன். அங்கே நின்று இஞ்சி டீ குடித்தேன். இன்னொன்று குடித்தேன். நெஞ்சு படபடத்தது, வாயு என்று எனக்கே தெரிந்தது. அடுத்த வண்டியில் ஏறித் திரும்பிவிட்டேன். அந்தத் தெருவுக்குள் என்ன இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. பயணங்கள் என் கற்பனையை எப்படி வளர்த்தன என்று கேட்டீர்கள். நான் போன ஒரே பயணம் அதுதான், அதிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை.

சித்தப்பா திரும்பி வந்த கோடைக்கே மறுபடி வருகிறேன். பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருக்கும். தெருமுனையில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். எத்தனையோ தடவை அவர் அங்கே வைத்துக் கொடுத்தார் என்று நான் பொய் சொன்ன அதே இடத்தில், முதல் தடவையாக, ஒரு நீல இன்லேண்டை நிஜமாகவே கொடுத்தார். அப்பாவின் கையெழுத்து. வேப்பமரத்துக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன்.

ஐந்து வரி. தம்பி வந்து எதிர்ப்பக்கம் நின்றதைப் பார்த்தேன். நான் இனி வர முடியாது. எனக்கு இங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது. என்னை எதிர்பார்க்க வேண்டாம். பையனைப் படிக்க வை.

ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை, எந்தத் தெரு என்றுகூட இல்லை. இப்படி ஒரு கடிதத்தை நான் எழுதியிருந்தால் எனக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அதற்குப் பதிலாக வாசிக்க மூன்று கடிதங்களைத் தயார் செய்தேன். ஒன்றில் மழை, ஒன்றில் திருவிழா, ஒன்றில் அப்பாவுக்குச் சம்பள உயர்வு. ஆனால் பொய் சொல்ல நிதானம் வேண்டும். அம்மா தறியிலிருந்து தலையைத் தூக்கி, "வந்துச்சாபா?" என்று கேட்டதும் மூன்று கடிதமும் மறந்துபோயிற்று. வாய் வழக்கம்போலத் தனியாக ஓடியது, இந்தத் தடவை உண்மையின் பக்கம். தாளில் இருந்ததை இருந்தபடி, ஐந்து வரியையும் வாசித்து முடித்துவிட்டேன்.

அம்மா என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. நான் கணக்கில் குறைந்த மார்க் வாங்கி வரும்போது பார்ப்பாளே, அப்படி.

"இது நல்லா இல்லபா" என்றாள்.

"அம்மா, இது நெஜமாவே அப்பா எழுதுனது."

"எல்லாமே அவுரு எழுதுனதுதானபா."

சித்தப்பாவிடம் ஓடிக் கையெழுத்தைக் காட்டியிருக்கலாம். அவர் ஆமாம் என்று சொல்லியிருப்பார். அதன்பிறகு பாய், சுவர். நான் ஓடவில்லை. அவள் நிஜமாகவே அதை என் கைவேலை என்று நினைத்தாளா, இல்லை ஐந்து வரியும் உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்க முப்பத்தைந்து வருஷம் இருந்தது. நெற்றியில் பெரிய குங்குமத்தோடு அவள் போய் எட்டு வருஷம் ஆகிறது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாள், சுமங்கலி என்று தெருவில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அன்று அவள் கையை நீட்டித் தாளை வாங்கினாள். இரண்டாக, நான்காக, எட்டாக மடித்தாள். தறியில் மிஞ்சியிருந்த ஜரிகையை எடுத்து அதன்மேல் சுற்ற ஆரம்பித்தாள். நீலம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. சுற்றி முடித்து மாடத்தில் வைத்துவிட்டு நாடாவைக் கையில் எடுத்தாள்.

"அவுரு அங்க என்னா சாப்பிடறாருன்னு ஒரு கடுதாசிலயும் இல்லயே. அடுத்ததுல எழுதச் சொல்லு" என்றாள்.

அடுத்த வாரக் கடிதத்தில் அப்பா வயிறாரச் சாப்பிட்டார்.